சரண்டருக்கு நான் போட்ட சட்டம்

காற்றாடி நின்றுபோன காப்புறுதிக் கந்தோர் எப்படி வேகும் என்பது கல்முனையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும். காற்று மட்டும் பிரதான வீதியைத் தாண்டி வராது.

அப்படியொரு முற்பகல். நோய்க்கால ஊரடங்கு தளர்ந்திருந்த சமயம். கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் இருந்தார். முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கி விட்டிருந்தார். கைமடிப்பில் பச்சை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. தையல் வேலை செய்பவர் என்று அதைப் பார்த்தே விளங்கிவிட்டது.

பையிலிருந்து ஆயுள் காப்புறுதிப் பொலிசியை எடுத்தார். துணியை வெட்டுவதற்கு முன் நீவுவதுபோல அதன் மடிப்பை நீவி மேசையில் வைத்தார்.

"சேர், இத சரண்டர் பண்ணி சல்லிய எடுக்கோணும்."

"வூட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, தங்கச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் என்னத்துக்கு? இது என்ட பேர்ல இரிக்கி. நான் தச்சித் தச்சிக் கட்டின சல்லி."

"ஓம். எண்டாலும் சட்டம் அப்பிடி."

"மெய்யாவா சேர்? சட்டமா?"

"சட்டம்தான்."

அப்படி ஒரு சட்டம் நாட்டில் இல்லை. எங்கள் கம்பனியிலும் இல்லை. அது என் வாயில் மட்டும் இருந்தது.

இத்தொடரைத் தவறாமல் வாசிப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தைத் தெரியும். சில வாரங்களுக்கு முன் அதைப் பற்றி நானே இங்கே எழுதினேன். கணவன்மார் பொலிசியைக் கைவிட வரும்போது, மனைவியைக் கூட்டி வந்தால்தான் முடியும் என்று ஒரு பொய்ச் சட்டம் சொல்லி, எத்தனையோ குடும்பங்களின் காப்புறுதியைக் காப்பாற்றினேன் என்று எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரு வாசகர், என் மூளைக்குக் கொழும்பிலே கதிரை போட்டிருக்க வேண்டும் என்றார். நான் அந்தக் கடிதத்தை மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அந்தக் கட்டுரையில் இந்தத் தங்கச்சி வரவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இந்த வாரம் அதை எழுதுகிறேன். பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆகவே தங்கச்சி என்றே எழுதுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நான் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிட்டேன். அதற்குச் செலவில்லை.

சட்டம் பிறந்த கதை

நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவன். ஆயுள் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கிளை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மக்கள் கூட்டம் கூட்டமாகப் பொலிசியைக் கைவிடத் தொடங்கியதும் கம்பனி என்னைத் திரும்பக் கூப்பிட்டது. வாசலோரம் ஒரு மேசை போட்டு, 'ஆலோசகர்' என்று ஒரு பலகை வைத்தார்கள். வேலை ஒன்றுதான். சரண்டருக்கு வருகிறவரை ஆறவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் மாதம் நான் படித்த பொருளியலை எல்லாம் பாவித்தேன். இடையில் கைவிட்டால் கட்டியதில் எவ்வளவு போகும், பொறுத்திருந்தால் எவ்வளவு வரும் என்று தாளில் கீறிக் காட்டினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும், "சரி சேர், எங்க ஒப்பம் வெக்கிற?" என்றார்கள்.

பிறகு ஒருநாள் நெல் வியாபாரி ஒருவர் வந்தார். பெரிய மனிதர். பேசிப் பேசி என் வாய் களைத்துப் போனது. கடைசியில் களைப்பிலே கேட்டேன்: "வூட்ட சொன்னீங்களா?"

மனிதரின் முகம் சுண்டிப்போனது. பொலிசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மறுகா வாறன்" என்று போனவர்தான். இன்றுவரை வரவில்லை.

எங்கள் பகுதி வழக்கத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வீடு பெண்ணுடையது. பெற்றோர் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய்ச் சேருவார். சேர்ந்த பிறகு எத்தனை போகம் வேளாண்மை செய்தாலும், எத்தனை கடை திறந்தாலும், அவர் படுக்கும் கூரை மனைவியின் பெயரில்தான் இருக்கும். அந்த வீட்டில் அவர் தன் பெயருக்கு வைத்திருக்கும் பொருள் சில நேரம் இந்தப் பொலிசி ஒன்றுதான். அதையும் கைவிடப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் நூற்றில் ஒருவருக்கும் இல்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று என் சட்டம் பிறந்தது. நான் குரலை உயர்த்தவில்லை, தாளில் கீறவும் இல்லை. "வூட்டுக்காரியக் கூட்டிட்டு வாங்க, சட்டம்" என்று மட்டும் சொன்னேன். வந்த ஆண்கள் வெயிலில் இறங்கிப் போனார்கள். கம்பனி எனக்கு ஒரு கேடயம் தந்தது. அதில் தங்க நிறத்தில் ஒரு குடை பொறித்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இன்னும் நிற்கிறது.

'பண அவசரம்'

மக்கள் ஏன் பொலிசியை இடையில் கைவிடுகிறார்கள் என்று தலைமைக் கந்தோர் அடிக்கடி கேட்கும். நாங்கள் எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதினோம். 'பண அவசரம்.' எழுதச் சுலபம், வாசிக்கவும் சுலபம்.

உண்மையான காரணங்களை நான் மேசைக்கு முன்னால் கேட்டேன். கொழும்புக்கு அவற்றை அனுப்பியிருந்தால் என்னை வைத்தியரிடம் அனுப்பியிருப்பார்கள்.

மருதமுனையில் ஒருவர். அவருடைய பொலிசியை விற்றவர் அவருடைய மைத்துனரே. வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "சேர், இவன்ட மூத்த மகள்ர கலியாணத்துக்கு எனக்கு ஒரு வாய்ச்சொல் இல்ல. ஊரெல்லாம் சொல்லியிரிக்கான். இவன்ட பொலிசில நான் என்னத்துக்கு மவுத்தாகோணும்?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் யாரும் மரணத்தை நினைத்துக் காப்புறுதி எடுப்பதில்லை. மச்சான் ஏஜன்டாக இருக்கிறான், முகத்தை முறிக்க முடியாது என்று எடுப்பார்கள். முகம் முறிந்ததும் பொலிசியும் முறியும்.

பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். அவருடைய காரணம் இது: "பொலிசி இருக்கெண்டு தெரிஞ்ச நாளில இருந்து அவ என்னக் கவனமாப் போங்க எண்டு சொல்லுறல்ல, ஐயா. முந்தி கரையில வந்து நிப்பா. இப்ப வூட்டுக்குள்ள இருந்து, போயிற்று வாங்க எண்டுறா."

இன்னொருவர் வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலில் பயான் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, தொப்பியோடு நேரே எங்களிடம் வந்தார். காப்புறுதி மார்க்கத்துக்கு ஆகாது என்று மௌலவி சொல்லிவிட்டாராம். உடனே கைகழுவ வேண்டும் என்றார். நல்லது என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டின சல்லிக்கு வட்டி சேத்துத்தானே தருவீங்க?"

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தில் வரிசையில் நின்று பொலிசி எடுத்தார்கள். கடல் திரும்ப வரவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள்போல வந்து கைவிட்டார்கள்.

இவற்றைச் சொல்லி எத்தனையோ விருந்துகளில் ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையாகவே பணம் தேவைப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதை சொல்லமாட்டார்கள். எவ்வளவு வரும், எப்போது வரும் என்று மட்டும் கேட்பார்கள். தங்கச்சி அந்த வகை.

வாங்கில் இருந்தவர்கள்

என் மேசைக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒரு நீளமான மர வாங்கு இருந்தது. அன்றைக்கு அதில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பேரையும் முந்தைய வாரம் நான் திருப்பி அனுப்பியிருந்தேன். அவர்களில் ஒருவர் ஆதம்பாவா என்ற மேசன். மனைவிக்குச் சுகமில்லை, வர ஏலாது என்று சொல்லத் திரும்ப வந்திருந்தார். மனைவிக்குச் சுகமில்லை என்று அவர் சொன்ன அதே காலையில் அந்த மனைவி சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடித்ததை என் கண்ணால் கண்டிருந்தேன்.

தங்கச்சி வாங்கைப் பார்த்தார். பிறகு கதிரையை முன்னால் இழுத்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சேர், வூட்ட மகளுக்கு எழுதிக் குடுத்திட்டம். மருமகன் வந்திட்டார். நானும் அவரும் பின்னறையில. மெஷினும் அதுக்குள்ளதான். மருமகன்ட ஆக்கள் வந்தா நான் தைக்கிறத நிப்பாட்டி மெஷின வெளிய வெக்கோணும். பின்னுக்கு ஒரு துண்டு வளவு இரிக்கி. அதுட சொந்தக்காரர் என்னட்டத்தான் முதல் வாங்குறீங்களா எண்டு கேட்டிரிக்கார். வாற வெள்ளிக்குள்ள சல்லி குடுக்காட்டி ஹார்ட்வெயார் முதலாளிக்குக் குடுத்திருவார். எனக்கு ஒரு அறை போட்டாக் காணும். கதவப் பூட்டித் திறக்கிற திறப்பு என்ட கையில இரிக்கோணும். அவ்வளவுதான்."

"அவருக்குத் தெரியாதா, இந்தப் பொலிசி?"

"தெரியாது. ஏஜன்ட் பொடியன் அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போற நேரம் பாத்துத்தான் வருவான்." பொலிசியின் மடிப்பைத் திரும்ப நீவினார். "அவர் கெட்ட மனிசன் இல்ல சேர். கையில சல்லி நிக்கிற மனிசன் இல்ல."

கணவரை எனக்குத் தெரியும். ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள் இல்லை. கேட்டவருக்கெல்லாம் பிணை நிற்பார். யார் என்ன தொழில் தொடங்கினாலும் பங்கு சேர்வார். கொமட்டிப் பழத் தோட்டம் போட்டார், வெள்ளம் கொண்டு போனது. நெல் வெட்டும் மெஷினில் பங்கு போட்டார், கூட்டாளி மெஷினையும் கொண்டு போனான். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு எழும்பி வருவார். அப்படிப்பட்டவர்களை ஊர் நேசிக்கும். அவர்களின் மனைவிமார் தையல் தைப்பார்கள்.

தங்கச்சி சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. பொலிசியின் மேல் கடன் எடுத்தால் நிலத்துக்குப் போதாது என்பதையும் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டேன். இவர் சரண்டர் பண்ணத்தான் வேண்டும். அந்த மேசையில் நான் கண்ட ஆட்களிலே, கைவிடுவதற்கு மிகச் சரியான காரணத்தோடு வந்தவர் இவர் ஒருவர்தான்.

சரண்டர் விண்ணப்பத் தாளை எடுத்தேன். அப்போது வாங்கிலிருந்து ஆதம்பாவா தொண்டையைச் செருமினார்.

"என்ன சேர், பொம்புளையளுக்கு வேற சட்டமா? அவட மாப்பிள எங்க?"

மற்றவரும் எழுந்து நின்றார். "ஓம், அதையும் ஒருக்கா பாப்பம்."

ஒரு கணம்தான். தங்கச்சிக்குத் தாளைக் கொடுத்தால் என் சட்டம் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆதம்பாவா சாயங்காலத்துக்குள் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரை அறிவித்துவிடுவார். கேடயம் போகும், மேசை போகும், பலகை போகும். எழுந்து போய் உள்ளறையில் வைத்துத் தங்கச்சியின் வேலையை முடித்துக் கொடுத்திருக்கலாம். அது எனக்கு அன்று இரவு சாப்பிடும்போது தோன்றியது.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது வேறு. நீதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீதி என்று நெஞ்சுக்குள் ஒரு பெருமை கூட வந்தது. ஆண்கள் மனைவிக்குப் பயந்து ஒளித்தார்கள், தங்கச்சி கணவனிடமிருந்து காப்பாற்ற ஒளித்தார். இந்த வித்தியாசம் விளங்காத முட்டாள் அல்ல நான். விளங்கிக்கொண்டுதான் தாளைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், ஆதம்பாவா" என்றேன் சத்தமாக. "தங்கச்சி, வூட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க."

அப்போதுதான் அவர் "மெய்யாவா சேர்? சட்டமா?" என்று கேட்டார். நான் சட்டம்தான் என்றேன். முதலில் நான் எழுதியது, இடையில் நடந்ததை விட்டுவிட்டு, இதைத்தான்.

எழுந்து போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "படிச்ச ஆக்கள் சொன்னாச் சரிதான்" என்று மட்டும் சொன்னார். அதில் கேலி இருந்ததா என்று அன்று யோசித்தேன். இல்லை, நம்பித்தான் சொன்னார்.

மஞ்சள்

வெள்ளிக்கு முதல் நாள் தங்கச்சியும் கணவரும் வந்தார்கள். கணவர் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர்! என்ட வூட்டுக்குள்ள ஒரு பேங்கு நடந்திரிக்கி. நான் வெளிய நிண்டு காவல் காத்திரிக்கன், சம்பளமில்லாம!"

கோபமில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் என் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். மனிதர் பெருமையில் பூரித்துப்போயிருந்தார். வாங்கைப் பார்த்தும் சொன்னார்: "பொண்டாட்டி எண்டா இப்பிடி இரிக்கோணும். உங்கட பொண்டாட்டிமார் என்னத்த ஒளிச்சி வெச்சிரிக்காங்க? போய்த் தேடிப் பாருங்கடா!"

ஆதம்பாவா அன்றைக்கும் இருந்தார். மனைவியின் சுகவீனம் நீடித்தது. "மச்சான்," என்றார், "பொண்டாட்டி மவுத்தாகாம பொலிசிச் சல்லி எடுக்கிற முதல் ஆள் இந்த ஊரில நீதான்."

கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். தங்கச்சி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளவு வாங்குறதுக்குத்தானே?" என்று நான் கேட்டேன். நான் செய்த ஒரே முயற்சி அது.

"வளவு எங்க சேர் போகப் போவுது? மண்ணுக்குக் காலா இரிக்கி?" என்றார் கணவர். "சல்லிய ஒருக்கா உருட்டி எடுத்திட்டு, மறுகா வளவையும் வாங்கி, மேல மாடியும் அடிச்சிக் குடுக்கன். ராணி மாதிரி இரிக்கட்டும்."

"எதில உருட்டப் போறீங்க?"

அவர் மேசைமேல் குனிந்து, உலகத்துக்கே தெரியாத ரகசியம்போலச் சொன்னார்: "மஞ்சள்."

அந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறக்குமதி நின்று, மஞ்சள் தங்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கடைகளில் அதைப் பூட்டி வைத்தார்கள். கலியாண வீடுகளில் கறி வெள்ளையாக இருந்தது. கணவர் சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு காணியைக் குத்தகைக்குப் பேசி வைத்திருக்கிறாராம். விதைக்கு முற்பணமும் கொடுத்தாயிற்றாம். அதுவும் கடன்தான். மனைவியின் பொலிசியைப் பற்றித் தெரிந்த அன்று மாலையே வேலை நடந்திருக்கிறது.

தங்கச்சி அப்போதுதான் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. ஒரு ஆள் வாயைத் திறப்பாரா என்று பார்க்கும் பார்வை அது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தங்கச்சி, இது உங்கட பேர்ல உள்ளது. உங்களுக்கு இஷ்டமில்லாட்டி இப்பவே நிப்பாட்டலாம். அப்பிடி ஒரு சட்டமும் இல்ல' என்று.

நான் சொன்னது இது: "ரெண்டு பேருமாக் கலந்து கதைச்சு முடிவெடுத்தது நல்லம்."

காசோலை தங்கச்சியின் பெயருக்குத்தான் போனது. சட்டப்படி.

வெள்ளி வந்தது. வளவு ஹார்ட்வெயார் முதலாளிக்குப் போனது. அவர் அதில் சீமெந்து அடுக்கக் களஞ்சியம் கட்டினார். உயர்ந்த சுவர். பின்னறை யன்னல் வழியாக வந்த கொஞ்சக் காற்றும் அதோடு நின்றது.

அந்தப் பணத்தில் நட்ட மஞ்சள் நன்றாகத்தான் முளைத்தது. மாரி வந்து பாத்திகளில் தண்ணீர் நின்றதும் பாதி அழுகிவிட்டது. மிச்சத்தைக் கிண்டி எடுத்த நேரம், அவரைப்போலவே ரகசியம் தெரிந்த எல்லாருடைய மஞ்சளும் சந்தைக்கு வந்துவிட்டது. விலை விழுந்தது. கணவர் சிரித்துக்கொண்டு எழும்பி வந்தார். எனக்கு ஒரு பை மஞ்சள் கொண்டுவந்து தந்தார். "சேர்ட உதவிய மறக்க மாட்டன்" என்றார்.

வாங்கினேன். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டி வரும். வெகுகாலம் எங்கள் வீட்டுக் கறி நல்ல மஞ்சளாக இருந்தது. மீன் பொரித்தால் அதன் வாசம் கூடத்தைத் தாண்டி வரும். நான் சாப்பிட்டேன்.

பொருத்தம்

போன நோன்புக்கு முன் நானும் மனைவியும் மக்காவுக்கு உம்றா யாத்திரை போனோம். போகும் முன் தெரிந்தவர்களிடம் போய், செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மன்னிக்கும்படி, கேட்பது எங்கள் வழக்கம். வழக்கம் என்று ஆனதும் எல்லாம் இலகுவாகிவிடும். ஒரு மாலையில் ஒரு தெருவையே முடித்துவிடலாம். யாரும் எந்தப் பிழை என்று கேட்பதில்லை.

தங்கச்சியின் பின்னறைக்கும் போனேன். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடமிருந்தது. கட்டிலில் வெட்டிய துணிகள் கிடந்தன. பகலில் அது மேசை.

"தங்கச்சி, தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாவது செஞ்சிருந்தா பொருந்திக்கங்க."

"என்ன சேர் நீங்க, பொருந்திட்டன், பொருந்திட்டன். எனக்கும் துஆக் கேளுங்க."

தீப்பெட்டி வாங்குவதைவிட இலகுவாக முடிந்தது. மக்காவில் அவருக்கு ஒரு வீடு கேட்டு துஆச் செய்தேன். கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் ஊருக்கு வந்து, என் சட்டத்தைப் பற்றிப் பெருமையாக இங்கே எழுதினேன்.

அவர் பத்திரிகை வாசிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. தைப்பவர்கள் தைப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். கதவடியில் நின்றேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டார்.

"சேர், வாசிச்சன். அந்தச் சட்டம் நீங்க வாயால போட்டதா?"

"ஓம்."

"ஆம்புளையளுக்குப் போட்டது."

"ஓம்."

"எனக்கும் அதையே சொன்னீங்க."

"ஓம், தங்கச்சி."

மெஷின் நின்றது. "நான் இவ்வளவு நாளும் அரசாங்கத்த ஏசிக்கிட்டிருந்தன்" என்றார்.

பக்கத்துச் சுவருக்கு அப்பால் லொறியிலிருந்து சீமெந்து இறக்கும் சத்தம் கேட்டது. அவர் மடியில் கிடந்த துணியைத் தட்டினார்.

"உம்றாவுக்குப் போக முந்தி பொருந்திட்டன் எண்டு சொன்னனே, அத நான் திருப்பி எடுக்கன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். அவரை ஆறவைக்கப் பார்த்தேன். "தங்கச்சி, அவசரப்படாதீங்க. குடுத்தத இடையில திருப்பி எடுத்தா நன்மை போயிரும். கொஞ்சம் பொறுத்தீங்க எண்டா..." என்று அந்த மேசைக் குரல் தானாக வந்தது. தாள் இருந்திருந்தால் கீறியும் காட்டியிருப்பேன்.

"சேர்," என்றார், "வாய மூடுங்க."

மூடினேன். என் வயதில் ஒரு பெண் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவியைச் சேர்க்கவில்லை.

"அன்டைக்கு என்னத்துக்குப் பொருந்துறன் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே கேட்டீங்க. அது செல்லாது." பற்களால் நூலைக் கடித்து அறுத்தார். "பேப்பர்ல பாதிதான் எழுதியிரிக்கீங்க. மிச்சத்தையும் எழுதுங்க. என்ட பேர் வேணாம், அவர்ர பேரும் வேணாம். உங்கட பேர் இரிக்கட்டும்."

"எழுதினாப் பொருந்துவீங்களா?"

"அத நான் இப்ப சொல்ல மாட்டன். நீங்க எழுதுங்க. நான் வாசிக்கன்."

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"அவருக்கா?" முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "அவர் இப்ப கஜு நடப் போறாராம். பங்குக்கு ஆளத் தேடிக்கிட்டுத் திரியிறார்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து கேடயத்தை எடுத்தாள். துடைத்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "இரிக்கட்டும்" என்றாள். "பாத்துப் பாத்துச் சாப்பிடுங்க."

மக்கள் ஏன் பொலிசியை இடையில் கைவிடுகிறார்கள் என்று இன்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். மைத்துனர் சொல்லாமல் விட்ட கலியாண அழைப்பை அறிந்தேன், மீனவரின் மனைவியை அறிந்தேன். ஒரு பெண் தன் கையில் ஒரு திறப்பு வேண்டும் என்று வந்தபோது மட்டும் காரணத்தைக் கேட்டறிந்துவிட்டு, அதைப் பூட்டி வைத்தேன்.

தங்கச்சி, எழுதிவிட்டேன். குறைத்து எழுதவில்லை என்று நினைக்கிறேன். குறைந்திருந்தால் உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை கல்முனைக் கடைகளுக்கு வரும். அவர் வாசிப்பார். பொருந்துவாரா, விடுவாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த முடிவை எடுக்க அவர் யாரையும் கூட்டி வரத் தேவையில்லை.